இழுக்கும் கை

ஒகினாவாத் தீவின் இதோமான் துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கை மரத்துப்போவது புதிதல்ல. ஆனால் ஜிராவின் வலது கையில் முதல் இரண்டு முட்டிகள் கோடையிலும் மரத்தே கிடந்தன. அதற்கு ஐஸ் காரணமல்ல. கொல்லையில் ஒரு கட்டையை நட்டு, அதன் தலையில் வைக்கோல் கயிற்றை இறுகச் சுற்றி வைத்திருந்தான். விடிந்ததும் அதில் வலது கையால் நூறு குத்து, இடது கையால் நூறு குத்து. அதன் பிறகுதான் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேநீரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சேவலை நம்புவதில்லை. ஜிராவின் கட்டைச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டினார்கள்.

கராத்தே அந்தத் தீவின் சொத்து என்றாலும் அவன் அதைத் தீவில் கற்கவில்லை. பதினெட்டு வயதில் பஞ்சாலை வேலைக்கு ஒசாகா போனவன், விடுதி முற்றத்தில், தன்னைப் போலவே ஒகினாவாவிலிருந்து வந்திருந்த சக தொழிலாளி ஒருவனிடம் கற்றான். முதல் நாள் பாடம் தூரம். எதிராளியின் கை உன்னைத் தொட முடியாத இடத்தில் நில். உன் கை அவனைத் தொடுகிற நொடியில் மட்டும் உள்ளே போ. தொட்டதும் வெளியே வந்துவிடு. கேட்க எளிதான பாடம்தான். ஆனால் ஒரு பாடத்தை இருபது வருடம் நாள்தோறும் செய்தால் அது கைவித்தையாக மட்டும் நிற்பதில்லை, குணமாகிவிடுகிறது. ஜிரா பேசும்போதுகூட ஒரு கை நீளம் தள்ளி நின்றுதான் பேசுவான். மனைவி நாபீ சொல்வாள்: "இவருகிட்ட ரகசியம் பேசணும்னா ஊருக்கே கேக்குற மாதிரி கத்தணும்."

போர் தீவுக்கு வந்தபோதும் அவன் தூரத்தில்தான் இருந்தான். இங்கே மூன்று மாதம் வானமும் கடலும் தீயைக் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவன் ஒசாகாவில் நூல்கண்டு எண்ணிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அம்மா இல்லை, அப்பா இல்லை, வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அண்ணன் தாரூ இருந்தான்.

தாரூ ஐந்து வயது மூத்தவன். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள், மேட்டில் வீடு போலக் கட்டிய குடும்பக் கல்லறையின் உள்ளறையில் ஒளிந்திருந்தபோது, தாரூவின் மனைவி கைக்குழந்தையோடு தண்ணீருக்கு வெளியே போனாள். விமானச் சத்தம் கேட்டது. தாரூ வாசலுக்கு ஓடிக் கையை நீட்டினான். அவள் விரல் நுனி வரைக்கும் அவன் கை போனது. அவ்வளவுதான் அவன் சொன்னது. அதற்குமேல் ஜிரா கேட்கவுமில்லை.

மற்ற நாட்களில் தாரூவைப் போல ஒரு நல்ல மனிதனைப் பார்ப்பது கடினம். நாபீ மீன் சுமக்கிற மூங்கில் கூடைகளை அவன்தான் பின்னிக் கொடுத்தான். பன்றிக்குத் தீனி வைப்பான். தம்பி மகள் கஸுயோவுக்குக் கரும்பைச் சீவிக் கொடுப்பான். ஆனால் பக்கத்து அமெரிக்கத் தளத்திலிருந்து விமானம் தாழப் பறந்தால் தாரூவின் கண் வேறொரு கண்ணாகிவிடும். கூடையைப் போட்டுவிட்டு, அருகில் எந்தக் குழந்தை இருந்தாலும் வாரிக்கொண்டு கல்லறை மேட்டை நோக்கி ஓடுவான். தடுக்கிற எவனையும் தள்ளுவான். கூடை பின்னுகிறவன் பிடி சாதாரணப் பிடியல்ல.

1962 ஆனி மாதத்தில் அப்படி ஒரு பகல். தாரூ கஸுயோவைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். ஜிரா குறுக்கே நின்றான். தாரூவின் இடது கை ஜிராவின் சட்டைக் கழுத்தைப் பற்றியது. அடுத்து நடந்ததை ஜிரா செய்தான் என்று சொல்வது முழு உண்மையாகாது. இருபது வருடத்துக் காலைகள் செய்தன. பிடியை உதறி ஒரு எட்டுப் பின்னால் போனான். வலது முட்டி புறப்பட்டது. கட்டையில் கேட்கிற சத்தமே தாரூவின் தாடையிலும் கேட்டது.

தாடை கூடிவிட்டது, ஆனால் நேராகக் கூடவில்லை. அன்று முதல் தாரூ வலது பக்கத்தால் மட்டுமே மென்றான். மெல்லும்போது ஒவ்வொரு வாய்க்கும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். யார் அடித்தார்கள் என்று அவன் கேட்டதில்லை. அது நினைவில்லாததாலா, நினைவிருந்ததாலா என்று ஜிராவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கான தண்டனை. அதற்கு மட்டும் அவனால் தள்ளி உட்கார முடியவில்லை.

ஆவணியில், மூதாதையருக்குப் படையல் முடிந்த மறுநாள், வம்சத்தின் மூலவீட்டில் எல்லோரும் கூடினார்கள். மூலவீட்டுச் சித்தப்பா பொல்லாதவரல்ல. அதனாலேயே அவர் சொன்னதைத் தட்டிப் பேச முடியவில்லை.

"கொல்லைப் பக்கம் ஒரு சின்ன அறை கட்டிருவோம் ஜிரா. கனமான கதவு, வெளியில ஒரு பூட்டு. சோறு தள்ளுறதுக்கு ஒரு சந்து. நாட்டுல நடக்காததா? சட்டமே ஒத்துக்குது."

"வெறும் விமானச் சத்தத்துக்குத்தான் சித்தப்பா இப்படி. மத்த நேரம்..."

"மத்த நேரம் நல்லவன்தான், நான் இல்லேங்கல. விமானம் உன்கிட்ட சொல்லிட்டா வருது? இன்னிக்கு உன் பொண்ணு, நாளைக்கு இன்னொருத்தன் பொண்ணு. போன தரம் உன் அண்ணன நீ தாடையப் பேத்துதான் நிறுத்தின. அடுத்த தரம் கழுத்து திரும்பிச்சுன்னா?"

அறுபது கான்க்ரீட் கல்லும் ஆறு பலகையும் வண்டியில் வந்து கொல்லையில் இறங்கின. குறி சொல்லும் அம்மாள் ஒருத்தி மட்டும், அடுத்த சித்திரையில் கல்லறைப் படையல் முடியாமல் அந்த வீட்டு மண்ணில் கல் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மூதாதையர் சொன்னார்களோ, நாபீ முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு கூடை மீன் சொன்னதோ, அதை யாரும் ஆராயவில்லை. படையல் வரை நேரம் கிடைத்தது. எட்டு மாதம்.

தாரூ அந்தக் கற்களைத் தினமும் பார்த்தான். ஒருநாள் கேட்டான்: "புது பன்னித் தொழுவமாடா?"

"ஆமாண்ணே" என்றான் ஜிரா. மறுநாள் காலை அவன் குத்துக்கட்டையில் எண்ணிக்கை தவறியது.

அடிக்கத் தெரிந்தவனுக்கு, அடிக்கக் கூடாத ஒருவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. இதுதான் பிரச்சினை. இதை நாபீயிடம் சொன்னபோது அவள் மீன் செதிலை உரசிக்கொண்டே சொன்னாள்: "என் அண்ணன்கிட்ட போங்க."

"கமாகிட்டயா?"

"ஏன், கௌரவம் கொறைஞ்சிருமா? உங்க ஆளுங்க எல்லாரும் தள்ளி நின்னு குத்துவீங்க. அவன் கட்டிப் புடிச்சு உருளுறவன். உங்களுக்கு இப்ப எது வேணும்?"

நாபீயின் அண்ணன் கமா இதோமான் மீனவன். ஜிராவைவிட ஒரு வயது மூத்தவன். தோணியிலிருந்து மூச்சுப் பிடித்துக் குதித்து அடிமண் வரை போய் மீனை வலைக்கு விரட்டுகிற வேலை. கரையில் அவனுக்கு வேறொரு புகழ் இருந்தது. அறுவடைத் திருவிழாவில் நடக்கிற ஷிமா மல்யுத்தத்தில் ஏழு வருடம் அவன் முதுகை யாரும் மணலில் வைத்ததில்லை. ஜிராவுக்கும் அவனுக்கும் இருந்த மச்சான் உறவு முழுக்கக் கேலியால் ஆனது. பெண் பார்க்க வந்த அன்றே கமா கேட்டான்: "மாப்ள, அந்தக் கட்டை உமக்கு என்னய்யா துரோகம் பண்ணுச்சு?"

இப்போது ஜிரா போய் நின்றபோது கமா தோணியைக் கவிழ்த்து அடிப்பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். விஷயத்தை முழுதாகக் கேட்டான். சிரிக்கவில்லை. அது ஒன்றே ஜிராவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"சரி. உமக்கு என்ன தெரியும்னு மொதல்ல காட்டும். அந்த ஒத்தையா ஆடுவீங்களே, அதை ஆடும்."

ஜிரா மணலில் நின்று தனக்குப் பிடித்த அடிவரிசையை ஆடினான். நகரத்துப் பயிற்சிக்கூடத்தில் அதை அவன் ஆடினால் இளையவர்கள் மூச்சடக்கிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கை முன்னால் பாய, இன்னொரு கை சுழன்று இடுப்புக்கு வந்து இறுகும். முடித்து வணங்கியபோது கமா காய்ந்த கணவாயைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்கட்டா? குத்துற கை சரி, குத்துது. அந்த இடுப்புக்கு இழுக்குற கையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாம எதுக்கு இழுக்குறீரு?"

"அது... பலம் வர்றதுக்கு. முறை அப்பிடி."

"நான் முப்பது வருஷமா இழுக்குறேன் மாப்ள. இழுத்தா கையில வலை இருக்கும். இல்லன்னா கயிறு இருக்கும். வெறுங்கையை இப்பிடி உயிரைக் குடுத்து இழுக்குறவன இன்னிக்குத்தான் பாக்குறேன். உம்ம பாட்டன் முட்டாளா? அவன் கையில எதையோ புடிச்சுக்கிட்டுத்தான் இழுத்திருப்பான். நடுவுல எவனோ அதைக் கீழ போட்டுட்டான்."

கமா எழுந்து வந்து தன் மணிக்கட்டை நீட்டினான். "புடிச்சுக்கிட்டு அதே மாதிரி இழும்."

ஜிரா பிடித்தான். இருபது வருடம் செய்த அதே சுழற்சி, அதே இழுப்பு. கமாவின் முழு எடையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் தானாக ஒரு எட்டு முன்னால் வந்தது. முழங்கை ஜிராவின் மார்போடு வந்து மாட்டிக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அட" என்றான் கமா. புகழ்ச்சி என்று அவனிடமிருந்து ஜிரா பெற்றது அந்த ஒன்றுதான்.

ஜிரா அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது நினைத்ததை நியாயமாக எடைபோட வேண்டும். தன் கலை முழுமையானது என்று அவனுக்குத் தோன்றவில்லை. தன் கலையைத் தானே முழுதாகப் படிக்கவில்லை என்று தோன்றியது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. முதலாவது பெருமை, இரண்டாவது வேலை.

கடல் கொந்தளிக்கிற நாட்களில் பாடம் நடந்தது. தோணிகள் கரையேறிக் கிடக்க, அவற்றுக்கு நடுவே மணலில். ஜிராவின் முதல் எதிரி அவன் கால்தான். கமா பிடித்த உடனே அவன் ஒரு எட்டுப் பின்னால் போவான். அந்த எட்டு கமாவுக்குப் பரிசு. கூடவே போய்க் காலைத் தட்டி மல்லாத்துவான். பத்து தரம், இருபது தரம். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்து எண்ணத் தொடங்கினார்கள்.

"இன்னிக்கு எத்தனை?"

"பதினேழு. உன் புருஷன் மணலை எடுத்துக்கிட்டேதான் வருவான் நாபீ, வாசல்லயே உதறச் சொல்லு!"

ஒருநாள் கமா பொறுமை இழந்து ஒரு வலைக்கயிற்றை எடுத்தான். ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை ஜிராவின் இடுப்பிலும் கட்டினான். நடுவே இரண்டு சாண்.

"இப்ப போம் பாக்கலாம் பின்னால."

இரண்டு சாண் தூரத்தில் கராத்தே இல்லை. குத்துக்குக் கை நீட்ட இடமில்லை. உதைக்குக் காலைத் தூக்க இடமில்லை. அங்கே இருப்பது ஒருவனின் மூச்சும் வியர்வையும் எடையும் மட்டும். முதல் சில நாள் ஜிராவுக்கு அது மூச்சுமுட்டியது. ஒரு மனிதன் இவ்வளவு அருகில் வந்தால் அவன் எதிரி என்பது மறந்துபோகிறது. எதிரி என்பது மறந்தால் எப்படிச் சண்டையிடுவது?

"எட்டுக்கால் பேய்க்கணவாய் கையைச் சுத்திக்கிட்டா என்ன செய்வீரு?" என்று கேட்டான் கமா.

"இழுப்பேன்."

"இழுத்தா அது இன்னும் இறுக்கும். புதுசா முங்குறவன் அப்பிடித்தான் மூச்சை விடுவான். இழுக்கக் கூடாது, உள்ள தள்ளணும். அது பக்கமே போகணும். அதுக்குக் கொழப்பமாயிரும், 'இவன் ஓடலையே'ன்னு. அப்ப தளரும்."

இப்படித்தான் அவன் ஒவ்வொன்றாகக் கற்றான். மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகத் திரும்பி நழுவுவது. சட்டையைப் பிடித்தால் அந்தக் கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு முழங்கையைத் தோளால் தாங்குவது. பின்னாலிருந்து கட்டினால் எடையைக் கீழே விடுவது. கீழே கொண்டுபோகும்போது பிடரிக்கு உள்ளங்கை கொடுத்து, தலை தரையில் மோதாமல் இறக்குவது. கடைசியாகச் சொன்னதைத்தான் கமா அதிகம் செய்ய வைத்தான்.

"முறுக்குனா ஒடையும். ஒடைக்கிறதுக்கு உமக்குப் பாடமே வேண்டாம், அது நல்லா வருது."

அந்த வார்த்தை சுட்டது. சுட வேண்டும் என்றுதான் அவனும் சொன்னான்.

மாசி மாதத்தில் கமா ஷிமாவின் தொடக்க நிலையை எடுத்தான். இருவரும் நெருங்கி நின்று, ஒருவர் தாடையை மற்றவர் வலது தோளில் வைத்து, இரண்டு கையாலும் மற்றவர் இடுப்புக்கச்சையைப் பற்றிக்கொள்ள வேண்டும். இருவரும் பிடித்துவிட்டார்களா என்று நடுவர் தொட்டுப் பார்த்த பிறகுதான் 'தொடங்கு' என்பார். நடுவில் பிடி விட்டுப்போனால் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி பிடித்துத்தான் தொடங்குவார்கள்.

ஜிராவின் தாடை கமாவின் தோளில் பட்டது. உப்பு வாசம். அந்த வாசத்தோடு, கூப்பிடாமலே, முப்பது வருடம் எழுந்து வந்தது.

ஏழு வயது. அலை வாங்கிப்போன ஈர மணல். இடுப்பில் வைக்கோல் கயிறு. எதிரே பன்னிரண்டு வயது தாரூ, தம்பியின் உயரத்துக்கு வரவேண்டும் என்பதற்காக முட்டிபோட்டு நிற்கிறான். தாடையைத் தோளில் வைத்ததும் அண்ணனின் கழுத்தில் வெயில் சூடு. 'தொடங்கு' சொல்ல அப்பா, வலை பின்னுகிற கையை நிறுத்தாமல் வேண்டுமென்றே தாமதிப்பார். அந்தத் தாமதத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அண்ணன் வயிறு குலுங்குவது தன் வயிற்றில் தெரியும். எத்தனை மாலைகள்! ஒருநாள்கூட அவன் ஜெயித்ததில்லை, ஒருநாள்கூட அதற்காக அழுததில்லை. ஒசாகா போனபிறகு அதையெல்லாம் 'மீன்காரன் விளையாட்டு' என்று தள்ளிவைத்தவன் அவனேதான்.

"என்ன மாப்ள, தூங்கிட்டீரா?" என்றான் கமா, தோளுக்கு மேலே.

"இல்ல மச்சான். கொஞ்ச நேரம் இப்பிடியே நில்லும்."

கமா பிடியை விடவில்லை. நின்றான்.

சித்திரை வந்தது. கல்லறைப் படையல் நாள். ஜிராவின் அராகாகி வம்சம் முழுவதும் மேட்டுக் கல்லறையின் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தது. ஆமை முதுகு போல வளைந்த கூரைக்கு முன்னால் அடுக்குப் பெட்டிகள் திறந்தன: பன்றி இறைச்சி, பொரித்த தோஃபு, கடற்பாசி முடிச்சு, வள்ளிக்கிழங்கு. மூதாதையருக்குக் காட்டிவிட்டு, அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். நாபீக்குத் துணையாகக் கூடை சுமந்து வந்த கமாவையும் உட்கார வைத்தார்கள். தாரூ கஸுயோவுக்குப் பக்கத்தில் இருந்தான். 'டக், டக்' என்று மென்றுகொண்டிருந்தான். மூலவீட்டுச் சித்தப்பா ஜிராவிடம் தணிந்த குரலில், "நாளைக்கு மறுநாள் கொத்தன் வர்றான்" என்றார்.

அவர் குரல் முடியும் முன்னே தெற்கிலிருந்து அது வந்தது. முதலில் ஒன்று, கூரையை உரசுவது போல. பின்னால் இன்னும் இரண்டு. சாராயக் கிண்ணங்கள் பாயில் கவிழ்ந்தன.

தாரூ எழுந்துவிட்டான். கஸுயோ அவன் இடது கையிடுக்கில். ஓடிப்போக வேண்டிய இடத்திலேயே அவன் இருந்தான், அதுதான் கொடுமை. வாசலை அடைத்திருந்த கல் நாலு எட்டில். வலது கையால் அந்தக் கல்லின் விளிம்பைப் பற்றி இழுத்தான். குழந்தை வீறிட்டது. ஆண்கள் எழுந்தார்கள். சித்தப்பா, "கயிறு! கயிறு எடுங்கடா!" என்றார்.

"யாரும் வராதீங்க" என்றான் ஜிரா.

அவன் ஓடவில்லை, நடந்தான். ஒரு கை நீளத்தில் அவன் கால் வழக்கப்படி நின்றது. நூறு நூறாகக் குத்திய காலைகள் எல்லாம் அந்த இடத்தில் நில் என்றன. அங்கிருந்து அண்ணனின் தாடை தெளிவாகத் தெரிந்தது, கோணலான பக்கமும். ஜிரா இன்னும் ஒரு எட்டு வைத்தான், உள்ளே.

தாரூவின் வலது கை கல்லை விட்டு அவன் சட்டைக்குப் பாய்ந்தது. அந்த மணிக்கட்டை ஜிரா பற்றினான். அடிவரிசையின் அதே சுழற்சி, அதே இழுப்பு, இடுப்புக்கு. இந்த முறை கை வெறுங்கையாக வரவில்லை. அண்ணனின் எடை அதோடு வந்தது. சாய்ந்ததில் இடது கை தளர, கஸுயோ நழுவினாள். நாபீ குனிந்து அவளை வாரிக்கொண்டாள்.

குழந்தை போனது தெரிந்ததும் தாரூவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டு கையாலும் தம்பியின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து உலுக்கினான். மணிக்கட்டு, முழங்கை, தோள், ஜிரா கற்றவை அத்தனையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவன் ஒன்றையும் எடுக்கவில்லை. இன்னும் உள்ளே போனான். அண்ணனின் பழைய துணிக்கச்சையை இரண்டு பக்கமும் பற்றினான். தாடையை அவன் வலது தோளில் வைத்தான்.

விமானங்கள் வட்டமிட்டுத் திரும்பி வந்தன. தாரூவின் நெஞ்சு அவன் நெஞ்சில் அடித்தது. உலுக்கல் ஒன்று, இரண்டு. பிறகு ஏதோ மாறியது. முதலில் கால்கள். தாரூவின் பாதங்கள் அகன்று, மண்ணைத் தேடி ஊன்றின. முதுகு தாழ்ந்தது. பெல்ட்டைப் பிடித்திருந்த கைகள் உலுக்குவதை நிறுத்தி, விரலைச் சரிசெய்துகொண்டு, முறையாகப் பற்றின. கோணல் தாடை தம்பியின் தோளில் வந்து அமர்ந்தது.

மூன்றாவது தரம் விமானம் போனது. இருவரும் அசையவில்லை.

ஜிராவின் காதுக்குள் தாரூ கேட்டான்: "இன்னும் சொல்லலையா?"

"இல்லண்ணே. நில்லு."

"அப்பா எப்பவும் இப்பிடித்தான்."

அண்ணனின் வயிறு மெல்லக் குலுங்குவது அவன் வயிற்றில் தெரிந்தது. அது அழுகையா சிரிப்பா என்று அந்த நெருக்கத்தில் பிரிக்க முடியவில்லை.

அப்போது பாயிலிருந்து கமா எழுந்தான். மீசையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, நடுவர் நடக்கிற நடையில் வந்தான். இருவர் பிடியையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தான். பின்வாங்கினான்.

"தொடங்கு!"

ஜிரா எதற்கும் தயாராக இல்லை. தாரூவின் இடுப்பு அவனுக்கு அடியில் நுழைந்தது. வானம் ஒரு தரம் தலைகீழாகச் சுற்றியது. மறுகணம் அவனுடைய இரண்டு தோளும் மூதாதையர் முற்றத்து மண்ணில், வம்சம் முழுவதும் பார்க்க, சுத்தமாகப் பதிந்து கிடந்தன. கயிறு கேட்ட சித்தப்பா, எழுபது வருடப் பழக்கத்தில், தன்னை மறந்து, "போட்டான்யா!" என்று தொடையைத் தட்டினார். தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

தாரூ குனிந்து தம்பியைக் கைகொடுத்துத் தூக்கினான். முதுகு மண்ணைத் தட்டிவிட்டான்.

"இன்னும் இடது காலைத்தான்டா முன்னாடி வைக்கிற. எத்தனை தரம் சொல்லியிருக்கேன்?"

பிறகு பாயில் போய் உட்கார்ந்து பொரித்த தோஃபுவை எடுத்தான். 'டக்.'

கமா ஜிராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எட்டு மாசம் சொல்லிக் குடுத்தேன். ஒரு நொடி தாங்கல. என் பேரை வெளிய சொல்லாதேயும் மாப்ள."

"சொல்லல மச்சான்."

புறப்படும்போது சித்தப்பா, யாரையும் பார்க்காமல், "கொத்தனுக்கு ஆள் அனுப்பி வேண்டாம்னு சொல்லிரு. அடுத்த படையல் வரைக்கும் பாப்போம்" என்றார். அடுத்த படையலிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருடம் சொல்ல மறந்துவிட்டார். கற்களில் முப்பது உண்மையாகவே பன்றித் தொழுவத்துக்குப் போயின. மீதியை நாபீ மீன் கழுவும் மேடையாக அடுக்கிக்கொண்டாள்.

தாரூ குணமாகிவிட்டான் என்று சொன்னால் அது பொய். விமானங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, அவனும் எழுந்து ஓடிக்கொண்டுதான் இருந்தான். ஜிரா ஆலையில் இருக்கிற நேரத்தில் வந்தால் நாபீ பிடித்தாள். அவளுக்கும் பிடி தெரியும், அவள் கமாவின் தங்கை. சில நாள் பிடி பலிக்கவில்லை. ஒரு தரம் ஜிராவின் விலா விரிசல் விட்டது. ஆனால் தாரூவை அதன்பிறகு யாரும் அடிக்கவில்லை, யாரும் பூட்டவுமில்லை. ஒன்பது வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், பின்னிக்கொண்டிருந்த கூடையை மடியில் வைத்தபடியே அவன் சுவரில் சாய்ந்து போய்ச்சேர்ந்தான். அன்று வானத்தில் ஒன்றுமில்லை.

ஜிராவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. குத்துக்கட்டையில் நூறு என்பது இருபதாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கடிகாரம் வாங்கிவிட்டார்கள். அடிவரிசையை மட்டும் அவன் விடவில்லை. கொல்லையில், மீன் மேடைக்குப் பக்கத்தில், மெதுவாக ஆடுகிறான். குத்துகிற கைக்கு இப்போது வேகம் இல்லை, அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. மற்றக் கை சுழன்று இடுப்புக்கு வரும்போதுதான் நின்றுவிடுகிறான். மூடிய விரல்களைப் பார்க்கிறான். சில காலைகளில் அவற்றை உடனே திறப்பதில்லை.